இரண்டு வயது லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் போடலாமா?

"அண்ணி, தீபாவளி ஆஃபர் வருது. இதைத் தள்ளிவிட்டுட்டுப் புதுசா ஒண்ணு எடுத்துடுங்க. எத்தனை நாளைக்கு இதோட மல்லுக்கட்டுவீங்க?"

2025 செப்டம்பர் கடைசியில் கொழுந்தன் சொன்னது. நான் கல்யாணமாகி வந்தபோது பத்தாவது படித்துக்கொண்டிருந்தவன். இப்போது சோழிங்கநல்லூரில் ஐடி வேலை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனியே லேப்டாப்பை மாற்றிக் கொடுத்துவிடுவதால், இரண்டு வயதைத் தாண்டிய எந்த லேப்டாப்பும் அவன் கண்ணுக்குக் கிழடுதான்.

என் பிழைப்பு புத்தக லேஅவுட். திருவல்லிக்கேணி வீட்டு முன்னறையில் ஒரு மேஜை, ஒரு லேப்டாப், கூடவே ஒரு 24 இன்ச் மானிட்டர். ஜனவரியில் புத்தகக் காட்சி என்றால் எனக்கு செப்டம்பரிலேயே மூச்சு முட்டத் தொடங்கிவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் லேப்டாப்பும் திணறியது. 2023 ஜூனில் 61,000 ரூபாய்க்கு வாங்கியது. இன்டெல் ஐ5-1335யு பிராசஸர், 8 ஜிபி ராம் (திறந்திருக்கும் வேலைகளை வைத்துக்கொள்ளும் தற்காலிக மெமரி), 512 ஜிபி எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்க்). லேஅவுட் மென்பொருளான இன்டிசைனில் ஒரு நாவலைத் திறந்து, பக்கத்தில் ஃபோட்டோஷாப்பில் அட்டையையும் திறந்தால் போதும், அடுத்த பக்கம் வருவதற்குள் நீலச் சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிடும். பிடிஎஃப் எடுக்கச் சொல்லிவிட்டு காபி போட்டுக்கொண்டு வந்துவிடலாம். நாளுக்கு இரண்டாக இருந்த காபி ஐந்தானது அப்படித்தான்.

பேசாமல் இதிலேயே ஓட்டலாம். ராம், பேட்டரி என்று குறைகிற பாகத்தை மட்டும் மாற்றலாம். கொழுந்தன் சொல்வதுபோல் எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டுப் புது விண்டோஸ் லேப்டாப் எடுக்கலாம். ஒரேயடியாக மேக்புக்குக்குத் தாவலாம். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் டெஸ்க்டாப் அசெம்பிள் செய்யலாம். செகண்ட் ஹேண்டில் பெரிய மாடலாகப் பார்க்கலாம். இத்தனையையும் ஒரு நோட்டில் எழுதி, விலையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்து ஒரு விஷயம்தான் தெளிவானது: என் லேப்டாப்பில் எது குறைகிறது என்றே எனக்குத் தெரியாது. நோய் தெரியாமல் மருந்துக் கடையில் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

அதனால் முதலில் ஒரு சோதனை. கைவசம் ஒரு ஊர் வரலாற்று நூல் இருந்தது. 24 ஃபாரம் (ஒரு ஃபாரத்துக்கு 16 பக்கம்), அதாவது 384 பக்கம், நடுவில் அறுபது எழுபது பழைய புகைப்படங்கள். வழக்கம்போல் ஃபோட்டோஷாப், பிரவுசரில் இருபது டேப், வாட்ஸ்அப் எல்லாம் திறந்தபடி இருக்க, போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு அச்சுக்கான பிடிஎஃப் எடுத்தேன். 3 நிமிடம் 40 விநாடி. எடுக்கும்போதே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பார்த்தேன். பிராசஸர் கோடு 30 சதவீதத்தைச் சுற்றியே ஊர்ந்துகொண்டிருந்தது. மெமரி 94 சதவீதத்தில் போய் நின்றுவிட்டது. டிஸ்க் அடிக்கடி நூறைத் தொட்டுத் தொட்டு இறங்கியது.

ராம் நிறைந்துவிட்டால் விண்டோஸ் உபரியைக் கொண்டுபோய் எஸ்எஸ்டியில் வைக்கும். வேண்டும்போது திரும்ப இறக்கும். எஸ்எஸ்டி எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் ராம் அளவுக்கு வராது. சமையல் மேடை ஒன்றரை அடிதான் என்றால், ஒவ்வொரு கரண்டிக்கும் பரணில் ஏறி இறங்க வேண்டியிருக்கும். அப்போது சமையல்காரரை மாற்றி என்ன பயன்?

கொழுந்தன் இதை ஏற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தன் சொந்த லேப்டாப்பைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். கோர் அல்ட்ரா 7 155எச், 16 ஜிபி ராம், கண்ணைப் பறிக்கிற ஓலெட் திரை. அடோபி கணக்கை இரண்டு கம்ப்யூட்டரில் ஆக்டிவேட் செய்துகொள்ளலாம் என்பதால் அதிலும் இன்டிசைனைப் போட்டு, அதே கோப்பு, அதே இருபது டேப், அதே ஃபோட்டோஷாப். 1 நிமிடம் 12 விநாடி.

"பார்த்தீங்களா அண்ணி? மூணு மடங்கு!"

மூன்று மடங்குதான். மறுக்க முடியாது. ஆனால் அந்த மூன்று மடங்கில் பிராசஸர் கொடுத்தது எவ்வளவு, ராம் கொடுத்தது எவ்வளவு? அதைப் பிரித்துப் பார்க்க ஒரு பைசா செலவில்லாத வழி இருக்கிறது. என் லேப்டாப்பில் மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு, இன்டிசைனை மட்டும் வைத்துக்கொண்டு அதே பிடிஎஃபை எடுத்தேன். 1 நிமிடம் 50 விநாடி. அதே பிராசஸர், அதே 8 ஜிபி. கூட இருந்த சுமையை இறக்கியதும் நேரம் பாதியாகிவிட்டது. பிராசஸர் கிழடு தட்டியிருந்தால் இப்படி எழுந்து ஓடியிருக்காது. லேப்டாப்பை மாற்றும் யோசனையில் இருப்பவர்கள் கடைக்குப் போகும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். நீங்கள் வீடியோ எடிட் செய்பவராக இருந்தாலும், டேலி போடுபவராக இருந்தாலும், உங்கள் அன்றாட வேலையில் நேரம் பிடிக்கிற ஒன்றை எடுத்துக்கொண்டு சுமையோடு ஒரு முறை, சுமையில்லாமல் ஒரு முறை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பிடிஎஃப் ஓட ஆரம்பித்து ஒரு நிமிடத்தில் டாஸ்க் மேனேஜரில் வேகம் 1.3 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிட்டது. இந்த பிராசஸர் தேவைப்படும்போது 4.6 வரை எகிறக்கூடியது, 1.3 என்பது அதன் அடிப்படை வேகம். வழக்கமாக 15 வாட்டில் ஓடும், அவசரத்துக்கு 55 வாட் வரை இழுத்துக்கொள்ளும். அந்த அவசரத்தில் வரும் சூடு வெளியே போக வழியில்லை என்றால் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும். காற்று வரும் ஓரத்தில் கையை வைத்துப் பார்த்தேன். ஃபேன் இரைகிற இரைச்சலுக்குக் கொஞ்சமும் பொருந்தாமல், மெலிதாக ஒரு மூச்சு. மே மாதச் சென்னையில் ஏசி இல்லாத முன்னறையில் இரண்டு கோடையை ஓட்டிய லேப்டாப் அது. தெருவைப் பார்த்த ஜன்னல் வேறு.

பேட்டரியையும் பார்த்துவிடலாம் என்று விண்டோஸிலேயே இருக்கும் பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்தேன். புதிதில் 42,000 மில்லிவாட்-மணி, இப்போது 33,200. அதாவது 79 சதவீதம். நாள் முழுக்க சார்ஜரிலேயே கிடக்கும் எனக்கு இது பெரிய குறையில்லை. கரண்ட் போனால் ஒரு மணி நேரம் தாங்குகிறது, போதும். தினமும் பையில் போட்டுக்கொண்டு வெளியே போகிறவருக்கு இந்தக் கணக்கு வேறு.

சரி, புது லேப்டாப்புக்கு வருவோம். மவுன்ட் ரோடு பக்கம் இரண்டு ஷோரூம் ஏறி இறங்கினேன். அங்கே சொன்ன முதல் காரணம், "மேடம், விண்டோஸ் 10 அக்டோபரோட முடியுது." உண்மைதான், 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. ஆனால் அது யாருடைய பிரச்சினை? விண்டோஸ் 11 கேட்பது பெரும்பாலும் இன்டெல் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. 2023-இல் வாங்கியது பதின்மூன்றாம் தலைமுறை. வாங்கும்போதே அதில் விண்டோஸ் 11-தான் இருந்தது. இரண்டாவது காரணம் ஜிஎஸ்டி குறைந்துவிட்டது என்பது. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசியும் பெரிய டிவியும் 28-இலிருந்து 18 சதவீதத்துக்கு வந்தன, சரி. லேப்டாப் அன்றும் 18, இன்றும் 18.

மூன்றாவது, "இது லேட்டஸ்ட் மாடல் மேடம்." இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எனக்கு முதலில் காட்டிய லேப்டாப்பின் மேல் ஒட்டியிருந்தது 'கோர் 5 120யு'. இன்டெல் பழைய 'ஐ' எழுத்தை விட்டுவிட்டதால் பேரைக் கேட்டாலே புது வம்சம் போலத் தோன்றும். உள்ளே பார்த்தால் இரண்டு பெரிய கோர், எட்டுச் சிறிய கோர் (கோர் என்பது பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி). என் 1335யு-வும் இரண்டு பெரிய, எட்டுச் சிறிய. அதற்கு முந்தைய 2022-இன் 1235யு-வும் அதேதான். உச்ச வேகம் 4.4, 4.6, 5.0 என்று ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு என் லேப்டாப்பைக் கொடுத்து, மேற்கொண்டு காசும் கொடுப்பதென்றால் வீட்டை விற்று அதே தெருவில் வெள்ளையடித்த வீட்டை வாங்குவது போல. இன்டெலுக்குப் போட்டியான ஏஎம்டியிலும் கவனம் வேண்டும். ரைசன் 5 7520யு என்று 7-இல் தொடங்கும் எண்ணைப் பார்த்தால் புதிது என்றுதான் நினைப்போம். அந்த வரிசையில் உள்ளே இருப்பது எந்தக் காலத்து வடிவமைப்பு என்பதை மூன்றாவது இலக்கம்தான் சொல்கிறது. அங்கே 2 என்றால் ஜென் 2, அது 2019-இல் வந்தது. அங்கே 4 இருந்தால் ஜென் 4.

உண்மையிலேயே புதிய வரிசை என்றால் கோர் அல்ட்ரா போன்றவை. அவற்றில் என்பியு என்று ஏஐ வேலைக்கான தனிப் பகுதி உண்டு. 'கோபைலட் பிளஸ் பிசி' என்ற முத்திரை வேண்டுமானால் அந்தப் பகுதி விநாடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகளாவது போட வேண்டும், ராம் 16 ஜிபியாவது இருக்க வேண்டும் என்பது 2024-இல் மைக்ரோசாஃப்ட் வைத்த விதி. கேட்க நன்றாக இருக்கிறது. நான் நாளெல்லாம் செய்கிற வேலையில், ஒற்று மிகும் மிகா இடம் பார்த்து, பக்கத் தலையில் தனித்து நிற்கும் விதவை வரியைத் தள்ளி, படத்தை ஃபாரக் கணக்குக்குள் அடக்குவதில், அந்த 40-ஐத் தொடும் மென்பொருள் ஒன்றுகூட இல்லை.

எனக்குப் பொருத்தமாகத் தோன்றிய புது மாடல் 84,990 ரூபாய். என் பழசுக்கு எக்ஸ்சேஞ்சில் 16,500. மீதி 68,490. அந்த 16,500-ஐக் கேட்டதும் எனக்கு ஆடிட்டர் நினைவுதான் வந்தது. வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 40 சதவீதத் தேய்மானம். 61,000 முதல் வருஷ முடிவில் 36,600, இரண்டாம் வருஷ முடிவில் 21,960. காகிதத்தில் தேய்வதே கொடுமையான வேகம், கடைக்காரர் அதையும் முந்திவிட்டார். நேரடியாகக் கல்லூரிப் பிள்ளை யாருக்காவது கொடுத்தால் இருபத்தைந்தாயிரமாவது கிடைக்கும். இன்னொரு நுணுக்கம், தேய்மானம் கழிக்கிறவர்களுக்கு மட்டும்: வாங்கிய வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அந்த வருஷம் பாதித் தேய்மானம்தான், 20 சதவீதம். 2025 அக்டோபர் 20-இல் தீபாவளிக்கு வாங்குவது சரியாக அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுகிறது. கடையில் எப்போது கூட்டமோ அப்போது கணக்கில் நஷ்டம்.

'நோ காஸ்ட் இஎம்ஐ' பற்றியும் ஒரு வார்த்தை. வட்டியில்லாக் கடன் என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. வட்டி அளவுக்கு விலையில் தள்ளுபடி காட்டிவிட்டு, அந்த வட்டியை கார்டு பில்லில் போடுவார்கள். வட்டிமேல் 18 சதவீத ஜிஎஸ்டி நம் தலையில். 5,000 வட்டி என்றால் 900 ரூபாய், அதற்கு மேல் பிராசஸிங் கட்டணம். பெரிய தொகை இல்லை, ஆனால் 'நோ காஸ்ட்' இல்லை.

மேக்புக் என் மனதில் நெடுநாளாக இருக்கிற ஆசை. எம்4 சிப் போட்ட மேக்புக் ஏர் 2025 மார்ச்சில் இந்தியாவில் 99,900 ரூபாய்க்கு வந்தது, அடிப்படை மாடலிலேயே 16 ஜிபி. ஃபேனே கிடையாது, எனவே தூசி இழுக்காது. இன்டிசைன் அதிலும் ஓடும். தடுப்பது தமிழும் என் பழைய கோப்புகளும். பத்து பதினைந்து வருஷத்துக்கு முந்தைய புத்தகங்களைப் பதிப்பகங்கள் மறுபதிப்புக்குத் தரும்போது பாதிக்குப் பாதி பேஜ்மேக்கர் என்ற பழைய லேஅவுட் மென்பொருளின் கோப்பாக வரும். அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 7, வந்தது 2001-இல். என் விண்டோஸில் அது இன்னும் முக்கி முனகித் திறக்கிறது. இன்றைய மேக்கில் நேரடியாகத் திறக்க முடியாது. முன்பு இன்டெல் மேக்குகளில் பூட் கேம்ப் வழியாக விண்டோஸைப் போட்டுக்கொள்ள முடிந்தது, எம் வரிசைச் சிப்புகளில் அதுவும் இல்லை. நான் தட்டச்சுக்கு வைத்திருக்கும் என்எச்எம் ரைட்டர் விண்டோஸுக்கானது. விரல்களைப் பழக்கிக்கொள்ளலாம்; பழைய கோப்புகளைப் பழக்க முடியாது. ஆக ஒரு லட்சம் கொடுத்தும் பழைய லேப்டாப்பைத் தூக்கி எறிய முடியாது, பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் மேக்கில் வேறு மாதிரியும் முடிவெடுக்க வேண்டியிருக்கும் என்பதற்கு ஆழ்வார்பேட்டையில் இருக்கும் ஒரு தோழி உதாரணம். யூடியூப் சேனல்களுக்கு எடிட் செய்து கொடுக்கிறவள். 2023-இல் எம்2 ஏர், 8 ஜிபி, 256 ஜிபி வாங்கினாள். அவளுக்கும் என் பிரச்சினைதான், ராம் போதவில்லை. மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டர் என்று இருக்கிறது. அதில் மெமரிக் கோடு பச்சையாக இருந்தால் நலம், மஞ்சள், சிவப்பு என்றால் திணறல். அவளுடையது 4கே காட்சிகளை வைத்ததும் மஞ்சளுக்குப் போய்விடும். அந்த 256 ஜிபி மாடலில் சேமிப்புக்கு ஒரே சிப் என்பதால் முந்தைய எம்1-ஐவிட எஸ்எஸ்டி வேகம் குறைவு. பரணுக்கு ஏறும் ஏணியே குட்டையாகிவிட்டது. கூடுதல் ராம் போடலாமா என்றால் முடியாது. அது பிராசஸரோடு ஒரே பொட்டலமாக வருகிறது. வெளியே ஒரு மானிட்டர்தான் இணைக்க முடியும், அவளுக்கு இரண்டு தேவை. 2024 அக்டோபரில் ஆப்பிள் ஏர் மாடல்களின் அடிப்படை ராமை அதே விலைக்கு 16 ஆக்கியபோது அவள் வயிறு எரிந்தது எனக்குத் தெரியும். 2025-இல் பழசை 51,000-க்கு விற்றுவிட்டு எம்4 எடுத்துவிட்டாள். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே வெளியே இரண்டு மானிட்டர் ஓடுகிறது. கூடுதலாகப் போட்டது ஐம்பதாயிரத்துக்குள். அவள் செய்தது சரி. அவளுக்கு 'பாகத்தை மாற்றுவது' என்ற வரியே நோட்டில் கிடையாது, மறுவிற்பனையில் மேக் விலை நின்றது, வேலையும் ராமையும் மானிட்டரையும் நேரடியாகக் கேட்கிற வேலை. என் லேப்டாப்புக்கு 16,500 என்றவர்களிடம் அவள் கதையைச் சொல்லிப் பயனில்லை.

டெஸ்க்டாப்பை நான் சீக்கிரம் தள்ளிவிட்டேன். அதே காசுக்கு அதிக வேகம் கிடைக்கும், பின்னாளில் எந்தப் பாகத்தையும் மாற்றலாம், எல்லாம் உண்மை. ஆனால் யுபிஎஸ் வேண்டும், இடம் வேண்டும், பதிப்பாளர் வீட்டில் உட்கார்ந்து கடைசி மெய்ப்பு திருத்த அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

செகண்ட் ஹேண்ட் அப்படித் தள்ளக்கூடியதல்ல. பெரிய கம்பெனிகளில் மூன்று வருஷ லீஸ் முடிந்து வெளியே வரும் லேப்டாப்புகள் ரிச்சி தெருவில் ஏராளம். உறுதியான உடம்பு, நல்ல கீபோர்டு, ராம் மாற்ற வசதி. முதல் லேப்டாப் வாங்கும் மாணவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள், பேட்டரி ரிப்போர்ட்டை அங்கேயே எடுத்துப் பாருங்கள், பில் வாங்குங்கள். கையில் 2023 மாடல் இருக்கிற எனக்கு 2021 மாடலை வாங்குவது பின்னோக்கி நடப்பது.

அப்புறம் ஒரு சனிக்கிழமை காலை, வாலாஜா சாலை வழியாக அண்ணா சாலையைத் தாண்டி ரிச்சி தெரு. ஞாயிறு என்றால் பெரும்பாலான கடை மூடியிருக்கும், சனி மதியம் என்றால் தோள் இடிக்காமல் நகர முடியாது; பதினொரு மணிக்குப் போவது உத்தமம். வாரண்டி 2024 ஜூனிலேயே முடிந்துவிட்டதால் திறப்பதில் தயக்கமில்லை. இன்னும் வாரண்டி ஓடுகிறவர்கள் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் திறப்பது நல்லது.

மாடிப்படிக்குக் கீழே ஆறடிக்கு நாலடி கடை. இருபத்தைந்து வயது இருக்கும் தம்பி லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு பத்து ஸ்க்ரூவைக் கழற்றினார். கழற்றியவற்றை, லேப்டாப்பில் எப்படி இருந்தனவோ அதே வரிசையில் ஒரு காந்தப் பாயில் அடுக்கினார். நீளம் இரண்டு தினுசு, மாற்றிப் போட்டால் மேல்பக்கம் குத்தும் என்றார். காலாவதியான ஒரு ஏடிஎம் கார்டை ஓரத்தில் செருகி இழுக்க, கிளிப்புகள் ஒவ்வொன்றாகப் பட் பட்டென்று விட்டன. முதல் வேலையாக பேட்டரி இணைப்பைப் பிடுங்கினார். பிறகு ஃபேனைத் தூக்கிக் காட்டினார். செப்புக் குழாய் போய்ச் சேரும் தகடுகளின்மேல், இரண்டு வருஷத் தெருத்தூசி சாம்பல் நிற வெல்வெட் துணிபோல் ஒரே படலமாகப் படிந்திருந்தது. சாமணத்தால் பிடித்து இழுத்தபோது கிழியாமல் முழுசாக வந்தது.

"இதுல எங்கக்கா காத்து போவும்?"

ராம் விஷயத்தில் அதிர்ஷ்டம். 8 ஜிபி போர்டிலேயே ஒட்டியிருந்தது, பக்கத்தில் ஒரு ஸ்லாட் காலி. சில மெலிந்த மாடல்களில் இந்த ஸ்லாட்டே இருக்காது. அதனால்தான் முடிவெடுக்கும் முன் மாடல் எண்ணைப் போட்டுத் தேடிப் பார்க்க வேண்டும். 8 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக் 2,200, 16 ஜிபி 3,900. 8-உடன் 8 சேர்த்தால் இரண்டும் ஜோடியாக ஓடும். 16 சேர்த்தால் முதல் 16 ஜோடியாகவும் மிச்சம் 8 தனியாகவும் ஓடும். தனியாக ஓடினாலும் எஸ்எஸ்டிக்கு ஏறி இறங்குவதைவிட எத்தனையோ மேல் என்று 16-ஐயே எடுத்தேன். சாய்த்துச் செருகி, அழுத்தியதும் இரண்டு பக்கக் கொக்கியும் கடக் என்று விழுந்தன. தூசி தட்டி, பிராசஸருக்கும் தகட்டுக்கும் நடுவில் காய்ந்திருந்த பேஸ்டைத் துடைத்துப் புதிது வைக்க 600. மொத்தம் 4,500.

ஆன் செய்ததும் திரை கறுப்பாகவே இருந்தது. அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் 68,490 ரூபாயை எங்கே புரட்டுவது என்று யோசித்து முடித்துவிட்டேன். "புது ராமைப் பழக்கிக்குது, பயப்படாதீங்க" என்றார். விண்டோஸ் வந்தது, 24 ஜிபி காட்டியது.

வீட்டுக்கு வந்து அதே 24 ஃபாரம் புத்தகம், அதே சுமை. 1 நிமிடம் 28 விநாடி. கொழுந்தன் லேப்டாப்புக்கும் இதற்கும் 16 விநாடி வித்தியாசம். சீசனில் நாளுக்குப் பத்து பிடிஎஃப் எடுக்கிறேன் என்று வைத்தாலும் மூன்று நிமிடம்கூட இல்லை. புது மாடலுக்கான 68,490-இல் இந்த 4,500-ஐக் கழித்தால், அதற்கு விலை 63,990 ரூபாய். இன்டிசைன் பெரும்பாலும் ஒரே கோரை நம்பி ஓடுகிற மென்பொருள், பதினாறு கோர் இருந்தாலும் மற்றவை வேடிக்கைதான் பார்க்கும். வேலை வேறாக இருந்தால் எண்ணும் வேறாகும். முப்பரிமாண ரெண்டரிங், பெரிய வீடியோ என்று எல்லாக் கோரையும் பிழிகிறவர்களுக்கு அவன் லேப்டாப் உண்மையிலேயே பல மடங்கு முந்தும்.

தீராத குறைகளும் இருக்கின்றன. என் லேப்டாப் திரை மங்கல். அவன் ஓலெட் திரையில் ஒரு அட்டையின் சிவப்பைப் பார்த்துவிட்டு என் திரையைப் பார்த்தால் துவைத்த புடவை மாதிரி இருக்கிறது. வெளி மானிட்டர் இருப்பதால் சமாளிக்கிறேன். எடை அதிகம். ஃபேன் இரைச்சல் குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை. பேட்டரி 60 சதவீதத்துக்கு வந்தால் அதையும் மாற்ற வேண்டும், அது நாலாயிரத்துச் சொச்சம். அந்தச் சமயத்தில் கீல் ஆடுவது, கீபோர்டு போவது என்று வேறேதும் சேர்ந்துகொண்டால் அப்போது புதிதுதான்.

"சும்மா இருந்து பாருங்கள், போகப் போக விலை குறையும்" என்று முன்பெல்லாம் நானே பிறருக்குச் சொல்வேன். இப்போது சொல்ல வாய் வரவில்லை. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரிக்குத் தயாரிப்பாளர்கள் முன்னுரிமை கொடுக்கத் தொடங்கியதில் 2025 கடைசியில் ராம் விலை ஏறிக்கொண்டே போனது. கிரூஷியல் என்ற பேரில் நாம் கடையில் வாங்கும் ராமையும் எஸ்எஸ்டியையும் விற்றுவந்த மைக்ரான், அந்தச் சில்லறை வியாபாரத்தையே விட்டு விலகுவதாக டிசம்பரில் அறிவித்தது. நான் 3,900-க்கு வாங்கிய ஸ்டிக்கை 2026 ஜனவரியில் அதே கடையில் விசாரித்தேன். இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. ராம் ஏறினால் அது உள்ளே இருக்கும் புது லேப்டாப்பும் ஏறத்தானே செய்யும். 8 ஜிபியில் திணறிக்கொண்டு, ஸ்லாட்டும் காலியாக வைத்திருப்பவர்கள் தள்ளிப்போட்டால் இந்த முறை லாபம் இருப்பதாகத் தெரியவில்லை.

புத்தகக் காட்சி முடிந்த பிறகு எஸ்எஸ்டியைப் பார்த்தேன். 512-இல் 41 ஜிபிதான் மிச்சம். திறந்து காட்டியபோது ராமுக்குப் பக்கத்தில் இன்னொரு எஸ்எஸ்டிக்கான இடமும் காலியாக இருந்தது நினைவிருக்கிறது. பழைய பேஜ்மேக்கர் கோப்புகளை முதலில் வெளி டிரைவுக்கு மாற்றிப் பார்க்கிறேன். போதவில்லை என்றால் அடுத்த சனிக்கிழமை, பதினொரு மணிக்கு, மறுபடி அந்த மாடிப்படிக் கடை.